நோய் எனக்கா, என் நிலைமைக்கா?

வாசகியின் கடிதம்:

"வணக்கம் மேடம். என் பேரும் ஊரும் போட வேண்டாம். நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி ஓடுகிற ஒரு ஊர். எனக்கு 38 வயசு. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். நான் வீட்டு வேலை போக மீதி நேரத்தில் பக்கத்துப் பட்டறைக்குத் தார் சுற்ற, அதாவது தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கப் போகிறேன். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்த்து மாசம் 24,000 வரும். மகள் பதினொன்றாவது, மகன் எட்டாவது, இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

ஆறு மாசமாகத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை கால் அசதி. எதைச் செய்தாலும் மனசு ஒட்டவில்லை. ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல் என்கிறார்கள். கடைசியில் ஜிஹெச்சில் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் டிப்ரஷன், கூடவே பதற்றம் என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டேன். குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிட்டேன்.

என் பிரச்னை என்னவென்று எனக்கே தெரியும் மேடம். மூணு குழு லோன், ஒரு நகை லோன், போனில் எடுத்த லோன் ஒன்று. மாசம் 17,500 கட்ட வேண்டும். குழு லோனில் ஒன்று என் பேரில் எடுத்து நாத்தனாருக்குக் கொடுத்தது. அவர் நாலு மாசமாகக் கட்டவில்லை. போன் லோன் எடுத்தது வீட்டுக்காரருக்கே தெரியாது. வியாழக்கிழமை, குழு லோன் கட்ட எல்லாரும் கூடுகிற சென்டர் மீட்டிங் என்றால் புதன் ராத்திரியே வயிற்றைக் கலக்கும். போன மாசம் டியூவுக்குப் பணம் புரளவில்லை. நான் கட்டுகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று குழுவில் எல்லாரையும் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அந்த முகங்கள் கண்ணை மூடினாலும் வருகின்றன.

பக்கத்து வீட்டு அக்கா, 'கடன் தீர்ந்தா எல்லாம் சரியாயிடும், பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைய ஏன் திங்கற' என்கிறார். மாமியார், 'நாங்க படாத கஷ்டமா' என்கிறார். நாத்தனார் கோயிலுக்குப் போய் மந்திரித்துக்கொண்டு வரச் சொல்கிறார். எனக்கு வந்திருப்பது மனநோயா, இல்லை கஷ்டம்தானா? மாத்திரை என் கடனை அடைக்குமா? வெளியே தெரிந்தால் மகள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆகுமா? சில நாள், நான் போய்ச் சேர்ந்துவிட்டால் கடனும் போய்விடும், பிள்ளைகளாவது நிம்மதியாக இருக்கும் என்று தோன்றுகிறது."

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் வருகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நினைப்பு வருகிற நாளில் தனியாக இருக்காதீர்கள். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவரிடம் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாலும் சரி. சொல்ல ஆளில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நம் மாநிலத்தின் 104-க்கும் கூப்பிடலாம். நினைப்பு வலுத்து ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஜிஹெச் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள் என்பது நோய் போடுகிற கணக்கு. மனச்சோர்வில் இருப்பவர்கள், படித்தவரோ படிக்காதவரோ, பணக்காரரோ ஏழையோ, சொல்லிவைத்த மாதிரி இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிற எனக்கு, இப்படித் தாயைப் பறிகொடுத்த பிள்ளைகளையும் தெரியும். நிம்மதி வந்தது என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் பதினொன்றாம் வகுப்பு மகளுக்குக் கடன்கார அம்மா போதும். அம்மா இருந்தால் போதும்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். மனநோயா, கஷ்டமா என்று கேட்கிறீர்கள். இரண்டும்தான். டாக்டர் சொன்னது சரி. தூக்கமின்மை, அசதி, எதிலும் ஒட்டாத மனசு, சாவைப் பற்றிய நினைப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவர்கள் மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். உங்களுக்கு ஆறு மாதம் ஓடிவிட்டது. கடன்தான் காரணம் என்று அக்கா சொல்வதும் பொய்யில்லை. தெருத் தொட்டியில் தண்ணீர் கெட்டுப் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், தொட்டியைக் கழுவுகிற வரைக்கும் யாரும் மருந்து சாப்பிட வேண்டாம் என்று சொல்வோமா? மருந்து கொடுத்தாயிற்று, இனித் தொட்டி எப்படிக் கிடந்தால் என்ன என்றுதான் விடுவோமா? நோய் உங்கள் உடம்பில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு வெளியே இருக்கிறது. இரண்டு இடத்திலும் வேலை நடக்க வேண்டும்.

முதலில் உடம்பு. மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை போல உடனே வேலை செய்யாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்துத்தான் பலன் தெரிய ஆரம்பிக்கும். குமட்டலோ முதல் வாரமே வந்துவிடும். அதனால் கெடுதல் மட்டும் தெரிந்து நல்லது தெரியாத நேரத்தில் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நீங்களும் சரியாக அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்தக் குமட்டல் தானாகவே குறையும். சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா, அளவைக் குறைத்து ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரண்டு மாத்திரையில் எது மனச்சோர்வுக்கு, எது தூக்கத்துக்கு என்றும் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மாத்திரைக்கு மனிதர்கள் அடிமையாவதில்லை. ஆனாலும் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்கத்துக்குக் கொடுப்பதில் சில வகை பழக்கமாகிவிடும், அதைச் சொன்ன நாளுக்கு மேல் மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது. மாத்திரை கடனை அடைக்காது. ஆனால் தூங்கி எழுந்த தலையால்தான் கடன்காரரிடம் பேச முடியும். ஒன்றரை மணி நேர அவமானத்தை ஆறு மாதத் தூக்கமின்மையோடு சேர்த்துச் சுமக்கிற தலையால் முடியாது.

ஈசிஜியிலும் தைராய்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஓபியில் வந்து உட்காருகிற பெண்களில் பாதிப் பேர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. கை கால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு, தலை பாரம், வெள்ளைப்படுதல் என்றுதான் சொல்கிறார்கள். கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் பெண்களிடையே நடத்திய ஆய்வுகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உடம்பு நோவாக வெளிப்பட்ட மனச்சோர்வுக்குப் பின்னால் பணக் கஷ்டமும், கணவரின் அடியும், ஆதரவுக்கு ஆளில்லாமையும் திரும்பத் திரும்ப வந்தன. மனசு சரியில்லை என்றால் வீட்டில் மதிப்பில்லை. உடம்பு சரியில்லை என்றால் ஒரு நாளாவது படுக்க விடுவார்கள். வேறு வழி இல்லாதபோது உடம்புதான் பேசுகிறது. நீங்கள் நடிக்கவில்லை, வலி உண்மைதான்.

இனி வெளியே இருப்பதைப் பார்ப்போம். 1970-களில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் டிரில் ஹாரிஸும் லண்டனில் கேம்பர்வெல் என்ற பகுதியில் வீடு வீடாகப் பெண்களைச் சந்தித்தார்கள். மனச்சோர்வு என்பது மூளையில் மட்டும் நடப்பதா, வாழ்க்கையும் அதில் சேர்த்தியா என்பதுதான் அவர்கள் கேள்வி. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடம், வசதியான வீட்டுப் பெண்களைவிட மனச்சோர்வு மிக அதிகமாக இருந்தது. பெரிய அடி விழுந்தவர்களிலும் எல்லாரும் நோயாளி ஆகவில்லை. மனதைத் திறந்து பேச நெருக்கமான ஒருவர் இருந்த பெண்களை அது பெருமளவு காப்பாற்றியது. பின்னாளில், 1995-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது. வெறும் இழப்பைவிட, அவமானப்பட்டதும் வெளியே வர வழி தெரியாமல் சிக்கிக்கொண்டதும்தான் பெண்களை மனச்சோர்வில் அதிகம் தள்ளுகிறது என்று அதில் கண்டார்கள்.

அவமானம், சிக்கிக்கொண்ட நிலை. உங்கள் வியாழக்கிழமையில் இரண்டும் இருக்கின்றன.

அது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். குழு லோனுக்கு நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஆதார் கார்டும் குழுவும் போதும் என்றுதான் கொடுக்கிறார்கள். முகமது யூனுஸ் வங்கதேசத்தில் கிராமீன் வங்கியை நடத்திக் காட்டியபோது, ஏழைப் பெண்ணையும் நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே புரிந்தது. அதில் நல்லது இல்லாமல் இல்லை, கந்துவட்டியிலிருந்து மீண்ட பெண்களை நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கேயே களத்தில் இருந்து ஆராய்ந்த லாமியா கரீம் என்ற மானிடவியலாளர், அந்தக் கடன் வசூலாவதற்குப் பின்னால் இருந்த இன்னொன்றை எழுதினார். கிராமத்துப் பெண்ணின் மானமும், அவள் குடும்பத்தின் மானமும்தான் அங்கே அடமானம். ஒருத்தி கட்டவில்லை என்றால் கம்பெனி ஆள் கத்தவே வேண்டாம், மற்ற பெண்களே கத்துவார்கள். உங்கள் சென்டரில் அந்தக் கைக்குழந்தைக்காரி உங்களைப் பார்த்த பார்வையை வரவழைத்தது யார்? அவளை உட்கார வைத்தது நீங்கள் இல்லை. அந்த ஏற்பாடு அவளுடைய கோபத்தை உங்கள் பக்கம் திருப்பிவிட்டது. நீங்களும் அதே கோபத்தை உங்கள் மேலேயே திருப்பிக்கொண்டீர்கள். கண்ணை மூடினாலும் அந்த முகங்கள் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பதற்றத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அப்படி உட்கார வைப்பதற்கு விதியில் இடமே இல்லை. சிறுகடன் கொடுக்கிற வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்தது. திட்டுவது, மிரட்டுவது, ஓயாமல் போன் பண்ணுவது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடுவது, கடனாளியின் சொந்தக்காரர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் தொல்லைப்படுத்துவது, கடனாளிகளின் பெயரை வெளியிடுவது எல்லாமே கூடாத வசூல். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரலாம். இன்னொரு விதி உங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குச் சிறுகடன் கொடுக்கும்போது, எல்லாக் கடனுக்கும் சேர்த்து அந்தக் குடும்பம் மாதம் கட்டுவது மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டு வருமானம் 24,000. பாதி 12,000. நீங்கள் கட்டுவது 17,500. தாங்குமா என்று கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு கொடுத்தவருடையது. அதைச் செய்யாமல் பணத்தை நீட்டிவிட்டு, உங்களுக்குத்தான் நேர்மை இல்லாதது போல நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கட்டத் திணறுகிறவர்களை அடையாளம் கண்டு, அவர்களோடு பேசி வழி சொல்கிற ஏற்பாடும் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. கெடுபிடி வசூலைத் தடுக்க 2025-இல் நம் சட்டமன்றமும் தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறது.

கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் அப்படி நினைப்பவர் இல்லை. அந்தக் கடன் எதற்காக வந்தது என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் தறி ஊர்களில் இருந்து எங்களிடம் வருகிற பெண்கள் சொல்கிற காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளிக்கூட ஃபீஸ், மகளுக்குச் சீர், யாருக்கோ ஆபரேஷன், தறி ஓடாத மாதங்களில் அரிசி பருப்பு. அப்புறம் முந்தைய லோனைக் கட்ட அடுத்த லோன். 1959-இல் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இந்த வேலையில் தினமும் உதவுகிறது. ஒரு லட்சம் பேர் இருக்கிற நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் பார்க்க வேண்டிய இடமே வேறு. உங்கள் சென்டரில் இருக்கிற பெண்களில், ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். தெருவுக்கே தூக்கம் போயிருந்தால், அதற்கான காரணத்தை ஒருத்தியின் மனசுக்குள் மட்டும் தேடுவது நியாயமில்லை.

'நாங்க படாத கஷ்டமா' என்று மாமியார் கேட்பதைக் கோபமில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் பட்டுத்தான் இருப்பார். அவர் காலத்தில் பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விட்டால் போதும். இன்றைக்கு இங்கிலீஷ் மீடியத்தில் போடாவிட்டால், பிள்ளையும் தறிக்குத்தான் போகும் என்று ஊரே பயப்படுகிறது. பட்டினி அன்றைக்கு அதிகமாக இருந்திருக்கும். தோற்றுப்போனது நம் தப்பு என்று அன்றைக்கு யாரும் அவரை நம்ப வைக்கவில்லை. அவர் உங்கள் எதிரி இல்லை. உங்களைப் போலவே, ஆனால் மருந்து இல்லாமல், இதைத் தாண்டி வந்த ஒரு பெண்ணாகக்கூட இருக்கலாம். ஒரு நாள் அவருடைய தூக்கத்தைப் பற்றி, அந்தக் காலத்துக் கடனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அந்த வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆண்களில் நாலில் ஒருவர்தான் அதில் கையே வைத்தார். நீங்கள் அந்த 299-க்கு மேல் தாரும் சுற்றுகிறீர்கள். அதற்கு மேல் இன்னொரு வேலையும் உங்கள் தலையில் இருக்கிறது, அதை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. எந்த டியூ என்றைக்கு, யாரிடம் கைமாற்று வாங்கலாம், எந்த நகையை எப்போது திருப்புவது என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மனசுக்குள் ஓடுகிற கணக்கு. குழு லோனைப் பெண்கள் பேரில்தான் கொடுக்கிறார்கள். பணம் வந்ததும் வீட்டுப் பணம், கட்ட வேண்டிய நாளில் அது உங்கள் கடன். எவ்வளவு மாத்திரை சாப்பிட்டாலும், இந்தக் கணக்கை நீங்கள் ஒருவரே சுமக்கிற வரைக்கும் தூக்கம் பாதிதான் வரும்.

அதனால் போன் லோனைப் பற்றிக் கணவரிடம் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கை நீட்டுகிறவரா? அப்படியென்றால் தனியாகச் சொல்லாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் முன்னால், மருத்துவமனையில் வைத்துச் சொல்லுங்கள். இல்லையென்றால், தறி நிற்கிற ஒரு நாளாகப் பார்த்து, ஐந்து கடனையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். யாரிடம், எவ்வளவு பாக்கி, வாரம் எவ்வளவு, பணம் எதற்குப் போனது என்று. 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'நம்ம வீட்டுக் கடன் இவ்வளவு இருக்கு, எனக்கு ஒருத்தியா சமாளிக்க முடியல' என்று ஆரம்பியுங்கள். முதல் நாள் சத்தம் போடுவார். போடட்டும். ஆறு மாதமாக உங்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த சத்தத்தைவிட அது பெரிதாக இருக்காது.

நாத்தனார் விஷயத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது. பிறர் பேரில் லோன் எடுப்பது தறி ஊர்களில் ரொம்ப சகஜம், உறவை முறிக்க முடியாத மருமகள் பேரில் எடுப்பது அதைவிட சகஜம். அவரை விரோதியாக்கிக்கொள்ள வேண்டாம், அவருக்கும் கஷ்டம் இருக்கலாம். ஆனால் பேச்சு உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் இருக்கக் கூடாது. கணவரும் மாமியாரும் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு தருகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சொல்கிற கோயில் விஷயத்துக்கு என் பதில் சுருக்கமானது. போனால் மனசு லேசாகிறதென்றால் தாராளமாகப் போங்கள், அங்கே உட்கார்ந்து அழ ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, கட்டிப்போடுவது, அடிப்பது என்று பேச்சு வந்தாலோ உடனே எழுந்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப் போனதை நம் மாநிலம் மறக்கக் கூடாது.

மகள் கல்யாணத்தைப் பற்றிய பயம் நியாயமான பயம். அப்படி எல்லாம் நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1960-களில் எழுதியது நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். களங்கம் என்பது ஒருவரின் உடம்பிலோ மனதிலோ இருப்பதில்லை, பார்ப்பவர்களுக்கும் அவருக்கும் இடையில் உண்டாகிறது. நெருங்கி இருக்கிறவர்கள் மேலும் ஒட்டிக்கொள்கிறது. இதில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நீங்கள் எங்கே சிகிச்சை எடுக்கிறீர்கள், என்ன நோய் என்பதை உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. மற்றொன்று, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இது அபூர்வம் இல்லை. பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு அப்போது இருந்தது. நோயைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. பெண் பார்க்க வருகிற வீட்டிலும் ஒருவர் தூங்காமல் இருப்பார், வெளியே சொல்லாமல் இருப்பார். எல்லாரிடமும் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாரிடம் சொல்வது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். மகளுக்கு மட்டும் உண்மை தெரிந்திருப்பது நல்லது. 'அம்மாவுக்கு உடம்புல ஒரு நோய், மருந்து சாப்பிட்டா குறையும், உன்னால வந்ததில்ல' என்ற அளவுக்கு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதில்லை. சொல்லாமல் விட்டால், தன் ஃபீஸால்தான் அம்மா இப்படி ஆனாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையைப் பற்றிச் சொன்னது தவறு, ஆனாலும் அவரை விட்டுவிடாதீர்கள். ஜிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா, மனநல மருத்துவர் போதாத ஊர்களில், பயிற்சி கொடுத்த பாட்டிகளைச் சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து வருகிறவர்களோடு பேச வைத்தார். உங்களுக்கு இப்போது எது பெரிய பிரச்னை, அதில் எதை முதலில் எடுக்கலாம் என்று அந்தப் பாட்டிகள் கேட்பார்கள். 2016-இல் வெளியான ஆய்வில் அப்படிப் பேசியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது உறுதியானது. கோவாவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள் ஆலோசகர்களாக இருந்தபோது நோயாளிகள் குணமாவது கூடியது. உங்கள் அக்கா கடன்தான் காரணம் என்று கண்டுபிடித்தாரே, அவருக்குக் கேட்கத் தெரிகிறது. ஓபிக்கு அவரையும் கூட்டிவாருங்கள். டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொல்வதை அவரும் கேட்கட்டும்.

அந்தக் கைக்குழந்தைக்காரியிடமும் ஒரு முறை பேசுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். 'அன்னைக்கு உன்னையும் சேர்த்து உக்கார வச்சாங்க, அப்படி உக்கார வைக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கு' என்று சொல்லுங்கள். குழுவில் மூன்று பேர் அதைச் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வியாழன் வேறு மாதிரி இருக்கும். முதலில் நிறுவனத்தின் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கொடுக்கக் கேளுங்கள். கொடுத்த புகாரின் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் எப்படி என்று சொல்வார்கள். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் என்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், யார் எவ்வளவு இனிமையாகப் போன் பண்ணினாலும் சரி.

இந்த வாரமே ஜிஹெச் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பழைய ஓபி சீட்டு, மீதி மாத்திரை, கடன் எழுதிய அந்தத் தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டரோடு என்னைப் போன்ற சமூகப் பணியாளரும் இருப்பார், அவரையும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றியும் குமட்டலைப் பற்றியும் சொல்லுங்கள், அந்தக் கடைசி வரியையும் சொல்லுங்கள். தாளைச் சமூகப் பணியாளரிடம் கொடுங்கள். கணவரோடு பேசவோ, புகார் எழுதவோ துணை வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள், அது அவருடைய வேலைதான். வியாழக்கிழமை சென்டர் இருப்பதால் புதன்கிழமையே போய்விடுங்கள்.